கிரகம் தெரிந்தால் தெரிவிக்கவும்

பேச்சிராஜ் செய்த ஒரே தப்பு, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்ததுதான். கேட்காமல் செய்திருந்தால் இரண்டு விநாடியில் வேலை முடிந்திருக்கும். கேட்டதால் ஐந்து மாதம் ஆயிற்று. இடையில் மூன்று முறை கமிட்டி கூடியது, ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது, ஒரு கேடயமும் வந்து சேர்ந்தது.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரகடம் சாலையில் காருக்குக் கருப்புக் கதவுப்பிடி வார்க்கிற அந்தப் பிளாஸ்டிக் கம்பெனி அவனை அப்படிப் பழக்கியிருந்தது. வார்ப்பு மெஷினில் சூடு இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று எண்கள் ஒளிரும். அவற்றைப் பார்க்கலாம், தொடக் கூடாது. தொடவேண்டுமானால் 'செட்டிங் மாற்ற விண்ணப்பம்' எழுதி நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். ஒருமுறை ஒரு பையன், பொருள் இன்னும் நன்றாக வரட்டுமே என்று இரண்டு டிகிரி கூட்டிவிட்டான். பொருள் நன்றாகத்தான் வந்தது. பையனுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள்.

பேச்சிராஜ் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னி. டிரெய்னி என்றால் இரண்டு வருடம். முடிகிற அன்று ஒரு சான்றிதழும் அரைக் கிலோ இனிப்பும் கொடுத்து, "நல்லா வருவே" என்று வாழ்த்தி கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். அவனுக்கு அந்த நாள் 2005 ஜூன் முப்பது. அதுவரை அவன் பெயர் நானூற்றுப் பதினேழு. வருகைப் பதிவில் 417, சாப்பாட்டு டோக்கனில் 417, சட்டைப் பையின் மேல் 417. சூபர்வைசர் "ஃபோர் ஒன் செவன்" என்பார், கேன்டீனில் "நாலு ஒண்ணு ஏழு" என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிக் கூப்பிடவில்லை. இருந்தாலும் அவனுக்கு அது வலித்தது.

கேன்டீனை ஒட்டி 'தொழிலாளர் மனமகிழ் அறை' என்று ஒன்று உண்டு. முந்தைய வருடம் ஏதோ ஒரு விருதுக்கு மனுப் போட்டபோது, அப்படி ஓர் அறை இருந்தால் ஐந்து மதிப்பெண் என்று போட்டிருந்ததால் திறந்தார்கள். உள்ளே ஒரு கேரம்போர்டு இருந்தது. அதன் ஸ்ட்ரைக்கர் தொலைந்துவிடக் கூடாது என்று செக்யூரிட்டி ஆபீசில் பத்திரமாக இருந்தது. இன்னொரு மூலையில் அக்கவுன்ட்ஸ் பிரிவு கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். சிஸ்டம்ஸ் பிரிவு ரகு அதில் ஒரு ஆட்டத்தை ஏற்றிவைத்திருந்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது அது.

ஆட்டம் எளிமையானது. ஒரு விண்கலம் தருவார்கள். ஓட்டிக்கொண்டு போகவேண்டியது. யாரும் கால்வைக்காத கிரகம் கண்ணில் பட்டால் போய் இறங்கலாம். இறங்கினவன் அதற்குப் பெயர் வைக்கலாம், வைத்த பெயரை யாராலும் மாற்ற முடியாது.

அந்தக் கடைசி விதியைப் படித்த அன்றே பேச்சிராஜ் முடிவு செய்துவிட்டான். இந்தக் கம்பெனியை விட்டுப் போவதற்குள் எங்கேயாவது ஓரிடத்தில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போவது.

சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். வரிசைக்கும் சோற்றுக்கும் பன்னிரண்டு போனால் மிச்சம் பதினெட்டு. அந்தப் பதினெட்டுப் பதினெட்டாக ஓட்டி, ஜனவரி மாதம் தூரத்தில் மஞ்சள் வளையம் போட்ட ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தான். நெருங்க நெருங்கத்தான் வினை வந்தது. திரையில் ஓடுவது விநாடிக்கு இத்தனை என்று மாறிமாறி வருகிற படங்கள். பிரேம் என்பார்கள். அந்த எண்ணிக்கை திரையின் மூலையில் தெரியும். கிரகம் தூரத்தில் புள்ளியாக இருந்தபோது அறுபது காட்டியது. மலையும் மேகமும் வளையமும் தெரியத் தொடங்கியதும் முப்பது, பதினைந்து என்று இறங்கி, ஒன்பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய மெஷின், அத்தனை மலையை அதனால் வரைய முடியவில்லை. படம் திணறினால் கலமும் திணறும். பதினெட்டு நிமிடம் ஓட்டினால் கலம் ஒரு நூல் நகர்ந்தது. இதே வேகத்தில் போனால் கிரகத்தைத் தொட அக்டோபர் ஆகும். அவனுக்கு இருந்ததோ ஜூன் வரை.

மெனுவைத் திறந்து பார்த்தான். 'கிராஃபிக்ஸ் குவாலிட்டி' என்று ஓர் இடம். ஹை, மீடியம், லோ. ஹை-யில் இருந்தது. லோ-வில் வைத்தால் கலம் பறக்கும் என்று அவனுக்கே புரிந்தது. விரல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த மூன்று நாள் சஸ்பென்ஷன் பையனின் நினைப்பு வந்து, கையை இழுத்துக்கொண்டு, ஒரு விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் போட்டான்.

மறுநாள் தர நிர்வாக மேலாளர் வனமாமலை கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் கிடந்தது இவனுடைய விண்ணப்பம். 'லோ' என்ற சொல்லைச் சிவப்பு மையில் மூன்று முறை சுழித்திருந்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"குவாலிட்டிய லோ பண்ணணும்னு, குவாலிட்டி மேனேஜர்கிட்டயே எழுதிக் கேக்கறே."

"அது படத்தோட குவாலிட்டி சார். கொறைச்சா வேகமா ஓடும்லா."

வனமாமலை நாற்காலியில் சாய்ந்தார். "கேட்ல பத்தடி போர்டு வச்சிருக்கோம். 'குவாலிட்டியே எங்கள் மூச்சு'. உள்ள ஒரு மெஷின்ல குவாலிட்டி லோ-ன்னு இருக்கு. ஆடிட்டர் பாத்தா நான் எந்த மூச்ச விடறது? குவாலிட்டியக் கொறைச்சா வேகம் வரும்னு எங்களுக்கு மட்டும் தெரியாதா? மாசக் கடைசியில புரொடக்ஷன்ல அதானேப்பா பண்றாங்க. ஆனா அதை யாராவது எழுதிக் குடுக்கறாங்களா?"

அன்று மாலையே கம்ப்யூட்டரில் சிவப்புச் சீட்டு தொங்கியது: 'குறைபாடுள்ளது. ஆய்வு முடியும்வரை பயன்படுத்தக் கூடாது.' ஆய்வு முடிய ஐந்து வாரம் ஆயிற்று. பேச்சிராஜ் தினமும் சாப்பிட்டுவிட்டு வந்து, அணைந்த திரைக்கு முன்னால் பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அறைச் சாவி கேன்டீன் முனிரத்தினத்திடம் இருந்தது. மண்ணூர்க்காரர், வயது நாற்பத்தைந்து, தேநீர் ஊற்றுவதும் இந்த அறையைப் பூட்டித் திறப்பதும் அவர் வேலை.

"இன்னாபா, தொறந்து வெச்சிகினு சும்மா பாத்துகினு கீறே?"

"செட்டிங்க மாத்தணும்ணே. கேட்ருக்கேன்."

"கேட்டியா? போச்சு போ. நான் ரெண்டு வர்சம் மின்னாடி பாய்லர் குழா சொட்டுதுன்னு கேட்டேன். கீய ஒரு பக்கெட்டு வெச்சி, அதுக்கு நம்பர் போட்டுட்டு போனாங்க. குழா இன்னும் சொட்டுது. பக்கெட்ட மட்டும் மாசாமாசம் வந்து செக் பண்றாங்க."

முதல் கமிட்டியில் ஒரு மீன் எலும்பை வரைந்தார்கள். பிரச்சினைக்குக் காரணம் மனிதனா, மெஷினா, பொருளா, முறையா என்று முள் முள்ளாகப் பிரித்துப் பார்ப்பது அது. இரண்டாவது கமிட்டியில் ஐந்து முறை 'ஏன்' கேட்டார்கள். கம்பெனியில் எது உடைந்தாலும் ஐந்து முறை ஏன் கேட்பது வழக்கம். பேச்சிராஜை நிறுத்திவைத்து வனமாமலையே கேட்டார். படம் ஏன் திணறுகிறது? பிரேம் குறைவாக வருவதால். ஏன் குறைகிறது? கிரகம் பெரிதாகத் தெரிவதால். ஏன் பெரிதாகத் தெரிகிறது? கலம் பக்கத்தில் போனதால். ஏன் பக்கத்தில் போனது? 417 ஓட்டியதால். 417 ஏன் ஓட்டினார்? போதிய பயிற்சி இல்லாததால்.

"ரூட் காஸ், மூல காரணம், கெடச்சிடுச்சு," என்றார் வனமாமலை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். மெஷின் மீது குற்றமில்லை என்று தெரிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

எனவே பேச்சிராஜுக்கு 'விண்வெளி விளையாட்டைப் பாதுகாப்பாக இயக்குதல்' என்று இரண்டு மணி நேர வகுப்பு. எடுத்தவர் வனமாமலை. அவர் அந்த ஆட்டத்தைத் தொட்டதில்லை என்பதால் கையைக் கழுவுவது, காதுக்குப் பஞ்சு வைப்பது, நெருப்பு பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்பவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் பரீட்சை. 'கிரகத்தை நெருங்கும்போது முதலில் செய்யவேண்டியது என்ன?' என்ற கேள்விக்கு 'வேகத்தைக் குறைப்பது' என்று எழுதியதற்கு அவனுக்கு மதிப்பெண் இல்லை. சரியான விடை, 'சூபர்வைசரிடம் தெரிவிப்பது'.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சிஸ்டம்ஸ் ரகுவைப் பிடித்தான். "அண்ணே, நீங்களாச்சும் மாத்திக் குடுங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டதான இருக்கும்?"

"பாஸ்வேர்டே கெடியாதுபா. எஸ்கேப் அமுக்கினா மெனு வரும், யார் வோணா மாத்தலாம். ஆனா நான் மாத்தினேன்னு வெச்சிக்க, நாளைக்கு இந்தக் கம்பெனியில லிஃப்ட் நின்னாக்கூட, ரகு தொட்டான், அதான் நின்னுச்சும்பாங்க."

"இங்க லிஃப்டே கிடையாதேண்ணே."

"அதுக்கும் நான்தான் காரணம்பாங்க."

மார்ச்சில் சிவப்புச் சீட்டை எடுத்துவிட்டுப் பலகை ஒன்று மாட்டினார்கள். மணிக்கு மணி விநாடிக்கு எத்தனை பிரேம் என்று எழுதவேண்டும். இலக்கு அறுபது. எழுதும் பொறுப்பு, பயிற்சி பெற்றவன் என்பதால், பேச்சிராஜுக்கு. ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று பலகை நிறைந்தது. முனிரத்தினம் தேநீர்க் கேனை இறக்கிவைத்துவிட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்தார். "ஒரு செகண்டுக்கு அறுவது படமா? அத்தினியும் எங்கபா அடுக்கி வெப்பாங்க?" என்று கவலைப்பட்டார்.

மே மாதம் ஒருநாள் வனமாமலை பார்வையிட வந்தார். மேசையில் தேநீர் டம்ளரை வைக்க இடமில்லை. மௌஸைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினார். கலம் சுழன்று முதுகைத் திருப்பிக்கொண்டது. கிரகம் திரையிலிருந்து மறைந்தது. எதிரே இருண்ட வெட்டவெளி. வரைய ஒன்றுமில்லாததால் மெஷின் மூச்சுவிட்டது. மூலையில் எண் ஒன்பதிலிருந்து அறுபதுக்குத் தாவியது.

வனமாமலை டம்ளரை வைக்காமல் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். "என்ன மாத்தினோம்?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் மாத்தல சார். கெரகத்தப் பாக்காம திரும்பிட்டு."

"அப்ப இதுவரைக்கும் தப்பான பக்கம் பாத்திருக்கோம்."

"கெரகத்துல எறங்கத்தான சார் ஆட்டமே?"

"அது உன் ஆசை. நம்ம டார்கெட் அறுபது. ஒரு கம்பெனிக்கு டார்கெட் வந்தபிறகு எங்க போறோம்னு கேக்கக் கூடாது. நானே இங்க பதினாறு வருஷமா இருக்கேன், ஒருநாளாவது கேட்டிருக்கேனா?"

மூன்றாவது கமிட்டி கூடி, மூன்று நாளில் செயல்முறைத் தாள் வந்துவிட்டது. லாமினேட் செய்து நான்கு பிரதிகள் ஒட்டினார்கள். இடப்பக்கம் இருட்டின் படம், பச்சை டிக். வலப்பக்கம் மஞ்சள் வளையக் கிரகம், சிவப்புப் பெருக்கல் குறி. கீழே கொட்டை எழுத்தில்: 'கிரகம் திரையில் தெரிந்தால் உடனே சூபர்வைசரிடம் தெரிவிக்கவும்.' கலத்தை நிறுத்திவைக்கலாமா என்று பேச்சிராஜ் கெஞ்சினான். நின்றுகொண்டிருக்கும் மெஷினைக் கண்டால் ஆடிட்டருக்குப் பிடிக்காது என்று மறுத்துவிட்டார்கள். ஆகவே கலம் காலை ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்ட் வரை, விநாடிக்கு அறுபது பிரேம் என்ற உன்னத வேகத்தில், கிரகத்தை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் நூல் நூலாக நகர்த்தியது ஒரு மணி நேரத்தில் போயிற்று; ஆட்டத்தின் எல்லையில் முட்டி, மேலே போக வழியில்லாதபோதும் கலம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிராஜ் பலகையில் அறுபது என்று எழுதினான். எழுதும்போது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த கட்டத்திலும் அறுபது என்று எழுதினான்.

ஜூன் இரண்டாம் வாரம் ஆடிட். கதவுப்பிடி வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து எழிலரசி என்ற அம்மையார் வந்தார். கையில் ஒரு சின்ன டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்திருப்பார். கருப்புப் பிளாஸ்டிக்கில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். மனமகிழ் அறையில் பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை வைத்தார்.

"கருப்பு சர்ஃபேஸ்ல வெள்ளைப் புள்ளி. ஒண்ணு, ரெண்டு... பதினாலு இருக்கு."

"மேடம், அது நச்சத்திரம்," என்றான் பேச்சிராஜ். வனமாமலை அவன் காலை மிதித்தார். அவன் போட்டிருந்தது இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி என்பதால் வலிக்கவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது.

"பேரு நீங்க என்ன வேணா வைங்க," என்றார் எழிலரசி. "போன மாசம் ஹேண்டில்ல வந்த புள்ளிக்கு 'மெட்டீரியலோட இயற்கை'ன்னு பேர் வச்சு அனுப்பினீங்க. எனக்குப் புள்ளின்னா புள்ளிதான். என்ன ஆக்ஷன் எடுப்பீங்க?"

"இருபத்துநாலு மணி நேரத்துல க்ளோஸ் பண்ணிடறோம் மேடம்."

ரகுவைக் கூப்பிட்டுத் திரையின் வெளிச்சத்தைக் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். கடைசி நட்சத்திரம் மறையும்வரை குறைத்தான். இப்போது முழு இருட்டு. மூலையில் 'அறுபது' என்ற எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எழிலரசி கையெழுத்துப் போட்டார். குறைபாடு பூஜ்யம், மற்றக் கம்பெனிகளுக்கும் முன்மாதிரி என்று எழுதி, கேடயத்துக்கும் பரிந்துரைத்தார்.

ஜூன் முப்பது வந்தது. போகிறவன் 'பாக்கி இல்லை' என்ற படிவத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். எட்டுக் கையெழுத்து பதினோரு மணிக்குள் கிடைத்துவிட்டது. ஒன்பதாவது மனமகிழ் அறை. அதன் பொறுப்பாளர் வனமாமலை, கேடயம் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு வருவாராம். கையெழுத்து கிடைக்கும்வரை பேச்சிராஜ் அந்த அறையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. இரண்டு வருடத்தில் கம்பெனி அவனுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த விதிதான்.

இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முனிரத்தினம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னும் கேட்டுகினேவா கீறே?"

பேச்சிராஜ் திரையின் பொத்தானை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டினான். நட்சத்திரங்கள் வந்தன. கலத்தைத் திருப்பினான். வெகு தூரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. எஸ்கேப் அழுத்தினான், மெனு வந்தது. ஹை, மீடியம், லோ. விரல் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வருடப் பயிற்சி அந்த விரலில் இருந்தது.

"பயமா இருக்குண்ணே."

"அமுக்குபா. மிஞ்சிப்போனா இன்னா பண்ணுவாங்க, வேலய வுட்டு அனுப்புவாங்களா? அதான் ஸ்வீட்டு குட்த்து அனுப்பிட்டாங்களே."

அமுக்கினான். இரண்டு விநாடிதான். வளையம் அழகு குறைந்து வெறும் கோடாயிற்று, நெருங்கியபோது மலைகளெல்லாம் வெட்டிப்போட்ட உருளைக்கிழங்குத் துண்டுகளாகத் தெரிந்தன. ஆனால் மூலையில் அறுபது. கிரகத்தைப் பார்த்துக்கொண்டே அறுபது. கலம் பறந்தது. முனிரத்தினம் கேன்டீனை மறந்து நின்றார். இரண்டு நாற்பதுக்குப் புழுதி கிளம்ப, ஒரு குலுக்கலோடு கலம் தரையில் உட்கார்ந்தது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து பெயர் கேட்டது.

"இன்னா கேக்குது?"

"பேரு கேக்குதுண்ணே."

"போடு, போடு." முனிரத்தினம் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, உன் பேரு இன்னாபா? ரெண்டு வர்சமா நாலு ஒண்ணு ஏயின்னே கூப்ட்டுகினு கீறேன். ஒருதபா கூட கேட்டதில்ல." அவர் முகம் சுருங்கிப்போயிற்று. உண்மையாகவே வெட்கப்பட்டார்.

"பேச்சிராஜ்ணே."

சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். கிரகத்தின் மேல் அவன் பெயர் வந்து நின்றது. இனிப்புப் பெட்டியை உடைத்து முனிரத்தினத்துக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்து, தானும் ஒன்று தின்றான்.

மூன்று பத்துக்கு வனமாமலை கேடயத்தோடு வந்தார். திரையைப் பார்க்கவில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, "டோக்கன் நம்பர் என்ன?" என்றார். சொன்னான். "நல்லா வருவே," என்றார்.

ஆகஸ்டில் ஒருநாள் ஒரகடம் கூட்டுச்சாலை தேநீர்க்கடையில் பேச்சிராஜும் முனிரத்தினமும் எதிர்ப்பட்டார்கள். இவன் இப்போது வேறொரு கம்பெனியில் டிரெய்னி, எண் 208. முனிரத்தினம் கட்டிப்பிடிக்காத குறை.

"நீ பூட்ட, அங்க ஒரே ரகளபா. மறுநாளே கண்டுபுட்ச்சி ஹை-ல வெச்சிட்டாங்க, பயயபடி ஒம்போதுதான். கப்பலயும் கெளப்பி இருட்டுப் பக்கம் திருப்பிட்டாங்க. உன் பேர எட்த்துடலாம்னு பாத்தாங்க, முடியல. ஒருதபா வெச்சா வெச்சதுதானாமே."

"அதான விதிண்ணே."

"அப்பால கமிட்டி போட்டாங்க. ரூல்ஸ்ல எய்தி கீதாம், எந்த பொருளா இருந்தாலும் அதும் பதிவான பேரத்தான் எய்தணுமாம். தாள மாத்தி, மறுக்கா லாமினேசன் போட்டு, நாலு செவுத்துலயும் ஒட்டி கீறாங்க. 'பேச்சிராஜ் திரையில் தெரிந்தால் உடனே சூபர்வைசரிடம் தெரிவிக்கவும்.' ஷிஃப்டுக்கு மூணு தபா புது பசங்க போயி பாத்து, 'பேச்சிராஜ் இல்லை'ன்னு நோட்டுல கையெய்த்து போடணும். போன வாரம் ஒருத்தன் கை பட்டு கப்பலு திரும்பிடுச்சி. 'சார், பேச்சிராஜ் வந்துட்டான்'னு கத்திகினே ஓடறான். வனமாமலை சாப்பாட்ட வுட்டுட்டு ஓடியாறாரு."

பேச்சிராஜ் டம்ளரைப் பிடித்தபடி சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்துவிட்டு, "எழுத்துல்லாம் சரியா போட்ருக்காவளாண்ணே?" என்று கேட்டான்.

"ஒரு எய்த்து தப்பில்ல. கீய வனமாமலை கையெய்த்து போட்டுகீறாரு."

எதிரில் கம்பெனி பஸ் வந்து நின்றது. படியில் நின்ற ஆள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துக் கத்தினார்: "டூ நாட் எய்ட்! ஏறு, ஏறு, டைமாச்சு!"

"இதோ வந்துட்டேன்," என்று 208 ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.